இடித்த பகுதிக்கும் வரும் சொத்து வரி: எந்தச் சான்று செல்லும்?

வணக்கம். மயிலாப்பூரில் உள்ள எங்கள் பழைய வீட்டின் பதிவான பரப்பு 1,760 சதுர அடி. மழையில் ஓட்டுக்கூரை சரிந்த 620 சதுர அடிப் பின்கட்டை 2021-இல் இடித்தோம்; அப்போதே மாநகராட்சிக்குத் தெரிவிக்காதது எங்கள் தவறு. 2022 சொத்து வரிச் சீராய்வில், 2011 விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 601 முதல் 1,200 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 75 விழுக்காடும், 1,201 முதல் 1,800 வரை 100 விழுக்காடும் வரி உயர்ந்ததால், இப்போது 1,140 சதுர அடியே உள்ள வீட்டுக்கு மேல்படிநிலை வரியை அரையாண்டுதோறும் கட்டுகிறோம். அம்மாவின் ஓய்வூதியத்தில் அது பெரும் சுமை.

மறுஅளவீட்டுக்கு மனு கொடுத்தோம். நேரில் வந்த அலுவலர், ஆட்டுக்கல் மட்டும் நிற்கும் வெற்றுத்தரையை அளந்துவிட்டு, இடித்த தேதிக்குச் சான்று கேட்டார். இடிப்பு அனுமதி வாங்கவில்லை. தேதியுள்ள கைபேசிப் படங்களும், இடிபாடு ஏற்றிய லாரியின் ரசீதும் மட்டுமே உள்ளன.

இதே நிலையில் வரியைக் குறைத்துப் பெற்றவர்கள், இடித்த தேதியை நிறுவ எந்த ஆவணத்தைக் கொடுத்தீர்கள்?