கரைப்பானைக் குறைத்து வேதிப் பிணைப்பு உருவாக்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மருந்து வேதியியலாளர், பெங்களூரு

இரண்டு கரிம மூலக்கூறுகளைக் கார்பன்-கார்பன் பிணைப்பால் கோக்கும் சுசூகி இணைப்பு வினையை நான் டயாக்சேன் என்ற கரைப்பானில்தான் கற்றேன். அரைல் புரோமைடு, போரானிக் அமிலம், பொட்டாசியம் கார்பனேட், வினையூக்கியாகப் பல்லேடியம் எல்லாம் போட்டு 90 டிகிரியில் இரவு முழுக்கச் சூடாக்குவோம். காலையில் கறுத்த கலவை இருக்கும். அப்புறம் பிரித்தெடுத்து, சிலிக்கா நிரப்பிய குழாயில் கரைப்பான் விட்டுத் தூய்மைப்படுத்த வேண்டும் (ஆய்வகப் பேச்சில் இது 'காலம்', அதாவது column). லிட்டர் கணக்கில் ஹெக்சேன் போகும். டயாக்சேன் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஐயப்படும் கரைப்பான். அதனால் மாற்று தேடினோம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் வேதியியலாளர் புரூஸ் லிப்ஷட்ஸ் குழு 2011-இல் வெளியிட்ட டிபிஜிஎஸ்-750-எம் முறையை எடுத்துக்கொண்டோம். வைட்டமின் ஈ-யோடு பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலி கோத்த பரப்பு இயங்கி, அதாவது சோப்பு போன்ற பொருள் அது. தண்ணீரில் 2 சதவீதம் கரைத்தால் நானோ அளவில் மிசெல்கள், அதாவது அந்த மூலக்கூறுகள் திரண்ட நுண்துளிகள் உண்டாகும். நீரை விரும்பாத மூலக்கூறுகள் அவற்றுக்குள் நெருக்கமாகச் சேர்ந்துவிடும். அங்கே செறிவு அதிகம் என்பதால் பல வினைகள் அறை வெப்பநிலையிலேயே நடக்கின்றன.

எங்கள் புரோமைடு திடப்பொருள். முதலில் அது கட்டியாகத் திரண்டு குடுவைச் சுவரில் ஒட்டிக்கொண்டது. வினை எவ்வளவு நகர்ந்தது என்று காட்டும் டிஎல்சி தகட்டுச் சோதனையில் மாற்றமே இல்லை. பத்து சதவீதம் டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) என்ற கரைப்பானைச் சேர்த்து வேகமாகக் கலக்கியதும் பால் போலச் சீராகி, வினை முழுமையாக முடிந்தது. விளைபொருள் தானாக வீழ்படிவானது. வடிகட்டிக் கழுவினோம், சிலிக்கா காலம் தேவைப்படவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த முறையின் பெரிய லாபம் இதுதான்.

வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் 1992-இல் ஈ-காரணி கணக்கை, அதாவது ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்பதை, முன்வைத்தபோது, மருந்துத் துறையில் ஒரு கிலோ பொருளுக்கு 25 முதல் 100 கிலோவுக்கு மேல்கூடக் கழிவு வருவதாகக் காட்டினார். அதில் பெரும்பங்கு கரைப்பான். தண்ணீரில் வினை நடத்திவிட்டு, பிறகு சிலிக்கா காலத்தில் லிட்டர் லிட்டராக எத்தில் அசிட்டேட் ஊற்றினால் அதைப் பசுமை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி

எங்கள் இளங்கலை ஆய்வகத்தில் இரண்டு கார்பனைல் சேர்மங்கள் நீரை வெளியேற்றி இணையும் ஆல்டால் குறுக்க வினையைப் பீங்கான் கல்வத்தில் செய்ய வைக்கிறேன். 3,4-டைமெத்தாக்சி பென்சால்டிகைடும் 1-இன்டனோனும் இரண்டுமே திடப்பொருள்கள். சேர்த்து நசுக்கினால் உருகுநிலை இறங்கி இரண்டும் திரவமாகிவிடும். கரைப்பான் ஊற்றாமலே திரவம் வருவதைப் பார்க்கும்போது பிள்ளைகள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அடுத்து சோடியம் ஹைட்ராக்சைடைப் பொடித்துச் சேர்த்து அரைத்தால் சிறிது நேரத்தில் இறுகும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு வடிகட்டி, எத்தனாலும் நீரும் கலந்த கரைசலில் மறுபடிகமாக்க வேண்டும். வினையில் வெளியேறுவது தண்ணீர் மட்டும்.

அணுச் சிக்கனத்தை, அதாவது வினைபொருள்களின் அணுக்களில் எவ்வளவு விளைபொருளில் சேர்கிறது என்று 1991-இல் வேதியியலாளர் பாரி டிராஸ்ட் சொன்ன கணக்கை, இதற்குப் பிறகுதான் கரும்பலகையில் எழுதுவேன். கண்ணால் பார்த்த பிறகு எழுதினால் யாரும் மறப்பதில்லை. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், காரம் தெறிக்கும்.

ஆய்வு மாணவி, சென்னை

நான் அமிலத்தையும் அமீனையும் கோக்கும் அமைடு பிணைப்பில் வேலை செய்கிறேன். இணைக்க உதவும் டிசிசி என்ற வினைபொருளைப் போட்டால் வினை நடக்கிறது, ஆனால் அதிலிருந்து வரும் துணைவிளைபொருளான டைசைக்ளோஹெக்சைல் யூரியா முழுதாகப் போகவே போகாது. வடிகட்டினாலும் கொஞ்சம் கூடவே வரும். டிசிசி தோலில் ஒவ்வாமையும் உண்டாக்கும். ஒரு சீனியருக்குக் கை முழுக்கத் தடிப்பு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மருந்து நிறுவனங்களின் பசுமை வேதியியல் கூட்டமைப்பு 2007-இல் தேவைப்படும் வினைகளைப் பட்டியலிட்டபோது, வீணாகும் வினைபொருள் குறைந்த அமைடு முறைக்கே முதலிடம் கொடுத்தது. போரிக் அமிலத்தை வினையூக்கியாக வைத்து, 4-பீனைல் பியூட்டிரிக் அமிலத்தையும் பென்சைல் அமீனையும் டொலுயீனில் கொதிக்க வைத்துப் பார்த்தேன். வினையில் வரும் நீரைப் பிரித்துச் சேர்க்கும் டீன்-ஸ்டார்க் கருவியில் தண்ணீர் சொட்டியது, அமைடு சுத்தமாக வந்தது. ஆனால் டொலுயீனும் அந்தச் சூடும் இருக்கும்வரை இதைப் பாதிக் கிணறு என்றே நினைக்கிறேன். கைரல் (இடக்கை-வலக்கை போன்ற இரு வடிவங்களுள்ள) அமினோ அமிலங்களை இவ்வளவு சூடாக்க எனக்குத் துணிவில்லை, ரசிமாதல், அதாவது இரு வடிவங்களும் கலந்துவிடும் பயம்.

பெங்களூரு சார், அந்த மிசெல் முறையில் பல்லேடியம் விளைபொருளோடு வருமா? மிஞ்சிய தண்ணீரை என்ன செய்கிறீர்கள்?

மருந்து வேதியியலாளர், பெங்களூரு

வரும்மா. வாய்வழி மருந்துக்கு நாள் ஒன்றுக்கு 100 மைக்ரோகிராம்தான் பல்லேடியம் வரம்பு. அதனால் பல்லேடியத்தைப் பிடித்துக்கொள்ளும் தயோல் (கந்தகக் குழு) இணைத்த சிலிக்காவோடு கலக்கி வடிகட்டுகிறோம். அதற்குக் கொஞ்சம் கரைப்பான் செலவாகத்தான் செய்கிறது. தண்ணீரை அடுத்த வினைக்கே திரும்பப் பயன்படுத்துகிறோம். கலங்கத் தொடங்கியதும் தனிக் கேனில் சேர்த்து எரிப்புக்கு அனுப்புகிறோம். பல்லேடியமும் கரிமப் பொருளும் கலந்த நீரைத் தொட்டியில் ஊற்ற அனுமதியில்லை. உங்கள் அமைடுக்கு டிசிசி-க்குப் பதில் அதே வகையான ஈடிசி போட்டுப் பாருங்கள். அதன் யூரியா தண்ணீரில் கரைந்து போய்விடும், வடிகட்டும் தொல்லையாவது தீரும்.