புது ரைட் அறிவிப்பை நம்பி டிக்கெட் போடலாமா? கொழும்பு போர்ட் சிட்டியில் ஒரு ரோலர் கோஸ்டர் கட்டினால் எந்த வகை தாங்கும்?

மருதானை_மொனோரயில் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு கேள்வி இருக்கு.

ஒன்று: ஓகஸ்ட் லீவுக்கு நாலு பேர் போகணும். பெரியவங்க ரெண்டு, பிள்ளைகள் ரெண்டு. ஒருத்தர் 118 செ.மீ, மற்றவர் 143 செ.மீ. சென்னையில் வொண்டர்லா தீம் பார்க் 2025 டிசம்பரில் திறந்தாச்சு. சிங்கப்பூர் யுனிவர்சலில் மினியன் லாண்ட் 2025 பெப்ரவரியிலேயே வந்துட்டு, சுப்பர் நிண்டெண்டோ வேர்ல்டும் வரப்போகுது. அபுதாபியில் டிஸ்னிலாண்ட் கட்டப்போறதா 2025 மே மாசம் அறிவிச்சாங்க. இதில் எதுக்காவது காத்திருக்கிறது புத்தியா, இல்ல இருக்கிறதை வச்சு இப்பவே போகலாமா?

ரெண்டாவது: நம்ம போர்ட் சிட்டியில் கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் கிடக்கு. அதில் ஒரு மூலையில் யாராவது நல்ல கோஸ்டர் ஒன்று போட்டால் எந்த வகை சரிவரும்? எனக்கு லோஞ்ச் கோஸ்டர்தான் ஆசை, அதாவது சங்கிலியால் மேல தூக்காம ஒரேயடியா தள்ளி வேகம் எடுக்க வைக்கிறது. சரிவராது என்றால் ஏன் என்று விளக்கமா சொல்லுங்க.

---

வெள்ளவத்தை_லிஃப்ட்ஹில்:

முதல் கேள்விக்கு நான் சொல்லுறன் தம்பி.

அறிவிப்பை வச்சு பிளேன் டிக்கெட் போடவே கூடாது. சிங்கப்பூரில யுனிவர்சல் இருக்கிற செந்தோசாவின்ர விரிவாக்கத்தை அறிவிச்சது 2019இல. மினியன், நிண்டெண்டோ ரெண்டும் அந்த ஒரே அறிவிப்பிலதான் வந்தது. மினியன் லாண்ட் கதவு திறக்க 2025 ஆயிற்று. அபுதாபியை இப்ப கணக்கில எடுக்கவே வேண்டாம். பிள்ளைகள் வளந்து மீசை வச்ச பிறகு பாப்பம்.

திறந்த உடனயும் போகாதேங்கோ. புளோரிடாவில ஹாக்ரிட் கோஸ்டர் 2019 ஜூனில திறந்த அண்டைக்கு கியூ 10 மணித்தியாலம் போச்சுது. ஒஹாயோ சீடர் பொயின்டில டொப் த்ரில் 2 இன்னும் மோசம். 2024 மே மாசம் திறந்து ஒரு கிழமை சொச்சம்தான் ஓடிச்சுது, பிறகு ட்ரெயினில திருத்தம் எண்டு அந்த சீசன் முழுக்க மூடிப்போட்டாங்கள். திரும்ப ஓடினது 2025இல. அண்டைக்கு டிக்கெட் எடுத்து வந்த சனத்துக்கு என்ன செய்யிறது? புது ரைட்டில முதல் ரெண்டு மூண்டு மாசம் சென்சர் பிழை, பிரேக் சரிபாக்கிறது, வேலை செய்யிற ஆக்களின்ர கை பழகாதது எல்லாம் சேந்து வரும். ஆகக் குறைஞ்சது மூண்டு மாசம் போகட்டும்.

அந்தக் கணக்கில சென்னை இப்ப பழகின பார்க். திருப்போரூர் பக்கம் இள்ளலூரில இருக்கு, ஓஎம்ஆர் எண்ட பழைய மாமல்லபுரம் றோட்டால போகவேணும். 43 ரைட், 611 கோடி இந்திய ரூபா செலவு. அங்க பெரிய ரைட் தஞ்சோரா. பொலிஜர் அண்ட் மபில்லார்ட் எண்ட சுவிஸ் கோஸ்டர் கம்பனி செய்த இன்வர்ட்டட் கோஸ்டர், இந்தியாவில அவையின்ர முதலாவது. தண்டவாளம் தலைக்கு மேல, கால் காத்தில தொங்கும். 118 செ.மீ பிள்ளையை அதில ஏத்தலாம் எண்டு எதிர்பாக்காதேங்கோ. இந்த வகை ரைட்டில உயரக் கட்டுப்பாடு அதைவிடக் கூடவாத்தான் இருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம் ஓகஸ்டில நடக்கிறபடியா, செவ்வாய் புதன் போனால் இடம் பறவாயில்லை. 15ஆம் திகதி சுதந்திர தினம், அந்தக் கிழமையைத் தவிருங்கோ. ஒக்டோபரில இருந்து டிசம்பர் வரை அங்க வடகீழ்ப் பருவமழை, அப்பவும் வேண்டாம்.

சிங்கப்பூர் எண்டால், யுனிவர்சல் கோஸ்டர்களுக்கு ஆகக் குறைஞ்ச உயரம் இது: கனோபி ஃபிளையர் 92 செ.மீ, மம்மி 122, பட்டில்ஸ்டார் கலக்டிக்கா 125. அதாவது உங்கட சின்னவருக்கு கனோபி சரி, மற்ற ரெண்டும் இல்லை. நாலு செ.மீ தானே எண்டு சப்பாத்துக்குள்ள மட்டை வச்சு ஏத்திற பழக்கம் சிலரிட்ட இருக்கு, அதை மட்டும் செய்யாதேங்கோ. அந்த அளவு துணிச்சலைப் பாத்து வச்சதில்லை. மடிப்பட்டை தொடையில சரியான இடத்தில இறுகுதா, தலை தலையணை மட்டத்துக்கு வருதா எண்டு பாத்து வச்சது.

---

கொம்பனித்தெரு_நானா:

லிஃப்ட்ஹில் சொன்னதோட ஒன்று சேர்க்கணும். விரிவாக்க அறிவிப்பில் உயரமும் வேகமும்தான் பெருசா எழுதுவாங்க. நான் முதல்ல தேடுறது மணித்தியாலத்துக்கு எத்தனை பேர் ஏறலாம் என்பதைத்தான். கணக்கு லேசு. 3600ஐ ரெண்டு ட்ரெயினுக்கு இடையில் போற செக்கனால் வகுத்து, இருக்கைகளால் பெருக்குங்க.

28 இருக்கை, ரெண்டு ட்ரெயின், 75 செக்கனுக்கு ஒருதரம் புறப்பட்டால் மணிக்கு 48 தடவை, 1344 பேர். அதே கோஸ்டரில் ஒரு ட்ரெயினைக் கழட்டி வேர்க்ஷொப்பில் வச்சிருந்தால், ஓட ஒன்றரை நிமிஷம், இறக்கி ஏத்த ஒரு நிமிஷம். 150 செக்கனுக்கு ஒன்று, 24 தடவை, 672 பேர்தான். உங்களுக்கு முன்னால 400 பேர் நின்றால் முதல் கணக்கில் 18 நிமிஷம், அடுத்த கணக்கில் 36 நிமிஷம். வெளியில் தொங்கிற போர்டு ஒன்றுதான், ரைட்டும் ஒன்றுதான்.

பட்டில்ஸ்டார் இதுக்கு நல்ல உதாரணம். 2013 ஜூலையில் மூடி 2015 மே மாசம் திறக்கிறப்ப, வரிசைக்கு நாலு பேர் இருந்த இடத்தில் ரெண்டு பேர் என்று ஆக்கிட்டாங்க. பாதை அதேதான், ஆனா ஏத்தக்கூடிய சனம் பாதி. கியூ ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்கிறவங்களுக்குப் பதில் அதுக்குள்ளதான் இருக்கு.

இனி போர்ட் சிட்டி. மருதானை, உங்க ஆசை விளங்குது, ஆனா லோஞ்ச் அந்த இடத்துக்கு வேணாம். ஆளோட 10 தொன் ட்ரெயின் ஒன்றை சங்கிலியால் 33 மீற்றர் தூக்க 3.2 மெகாஜூல் வேணும். 30 செக்கனில் தூக்கினால் கிட்டத்தட்ட 108 கிலோவாட். அதே ட்ரெயினை 3 செக்கனில் மணிக்கு 90 கி.மீ வேகத்துக்குத் தள்ளணும் என்றால் சக்தி ஏறக்குறைய அதே அளவு, ஆனா மூணு செக்கனுக்குள்ள கொடுக்கணும். ஆயிரம் கிலோவாட் தாண்டும். இழப்பெல்லாம் சேர்க்காத கணக்கு இது. ஒவ்வொரு 75 செக்கனுக்கும் அப்படி ஒரு இழுவையை நேரா கரண்ட் லைனில் போட முடியாது. நடுவில் சக்தியைச் சேர்த்து வச்சு ஒரேயடியா விடுற ஃபிளைவீலோ (பாரமான சுழல்சில்லு) சுப்பர் கெபாசிட்டர் அடுக்கோ வைக்கணும், அதுக்கு ஏசி அறை, அதுக்கு ஜெனரேட்டர். கூடுற ஒவ்வொரு பெட்டியும் பழுதாகிறதுக்கு ஒரு இடம்.

கரண்டைவிடப் பெரிய எதிரி உப்பு. மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேல் காத்து கடலில் இருந்து நேரா அடிக்கும். காலிமுகத்திடலில் நின்றால் முகத்தில் ஒட்டுமே, அதே ஈரம் ஒவ்வொரு போல்ட்டுக்குள்ளயும் போகும். பெயின்ட் அடிச்ச தட்டு தாங்கும். தாங்காதது ரெண்டு தூண் துண்டைச் சேர்த்து போல்ட் போடுற ஃபிளாஞ்சுத் தட்டுகளுக்கு நடுவில் இருக்கிற மயிரிழை இடைவெளி. உப்புத் தண்ணி அதுக்குள்ள ஏறி நிற்கும், காயாது. முதல் அடையாளம் போல்ட் தலைக்குக் கீழே ஓடுற ஒரு மெல்லிய கோடு, பால் போடாத தேத்தண்ணி வடிஞ்ச மாதிரி. அதைப் பார்த்த நேரம் உள்ளுக்கு வேலை தொடங்கியாச்சு. மேலால பெயின்ட் அடிச்சு மறைச்சால் இன்னும் மோசம். கழட்டி, சுத்தப்படுத்தி, சீலன்ட் வச்சு, புது போல்ட் போட்டு, டோர்க் ரெஞ்சால் குறிச்ச அளவுக்கு இறுக்கணும்.

அதனால ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டியது: தூண்கள் முழுக்க உருகின நாகத்தில் (துத்தநாகம்) முக்கி எடுத்தது, அதுக்கு மேல பெயின்ட், ஐஎஸ்ஓ 12944 என்ற பெயின்ட் தரத்தில் கடுமையா கறள் பிடிக்கிற இடத்துக்கான சி5 வகுப்புக்கு. நாகம் பூசின தட்டில் வெறும் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடக்கூடாது. ரெண்டு உலோகமும் உப்புத் தண்ணியில் சேர்ந்தால் நாகம் கரைஞ்சு போகும்.

சில்லு ஓடுற தண்டவாள முகத்தில் எந்தப் பெயின்டும் நிக்காது. ஒரு ராத்திரி உப்புக்காத்தில் அதில் கறள் தூசி படியும். காலையில் ஆளில்லாம ஓட விடுற சோதனைச் சுற்றுகளில் அது சில்லில் ஏறி அரைக்கும். நல்ல தண்ணியால் கழுவித் துடைச்ச பிறகுதான் முதல் ட்ரெயின் போகணும்.

---

சில்லுச்சத்தம்:

நானா சொன்ன உப்புக் கணக்கு சரி. ஆனால் லோஞ்சை முற்றாகத் தள்ளிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேகம் குறைந்த லோஞ்ச், மணிக்கு 50–60 கி.மீ அளவில் உந்துசில்லுகளால் தள்ளுவது, குடும்ப கோஸ்டர்களில் நன்றாகவே நடக்கிறது. உந்துசில்லு என்பது மோட்டரில் சுழலும் டயர்தான். பழுதானால் ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்டலாம். கரண்ட் உச்சமும் அடங்கும். ஒரே குறை மழை. டயர் நனைந்தால் வழுக்கும், ட்ரெயின் குறிச்ச வேகம் எடுக்காது, அடுத்த மேட்டில் ஏறாமல் திரும்பி வரும். ஆகவே தள்ளும் பகுதிக்குக் கூரை கட்டாயம்.

சில்லுகளைப் பற்றி ஒன்று. ஒவ்வொரு தாங்கியிலும் மூன்று வகை சில்லு இருக்கும்: மேலே பாரம் சுமப்பது, பக்கத்தில் வழி காட்டுவது, கீழே இருந்து ட்ரெயின் மேலே எழும்பாமல் பிடிப்பது. வெளிப்பூச்சு பொலியூரித்தேன். வேகத்தில் உள்ளே சூடாகி, பூச்சு அலுமினிய மையத்தில் இருந்து உரிய ஆரம்பிக்கும். உரிவதற்கு முன்னம் காதுக்குத் தெரியும். ஒரே சீரான இரைச்சலுக்குள் 'டப் டப்' என்று ஒரு துடிப்பு, வேகம் குறையும்போது துடிப்பும் சேர்ந்து குறையும். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கே ட்ரெயினை இறக்கிப் பார்க்க வேண்டும்.

கொழும்பில் இதற்கு இன்னொரு சிக்கல். உதிரிச் சில்லுகளை மொத்தமாக வாங்கி ஸ்டோரில் அடுக்குவார்கள். 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி நின்றதைப் பார்த்த எவரும் அப்படித்தான் செய்வார்கள், செய்யவும் வேண்டும். ஆனால் பொலியெஸ்டர் அடிப்படையிலான யூரித்தேன் சூட்டிலும் ஈரப்பதத்திலும் ஓடாமலே பழுதாகும். நீர் அதன் பிணைப்பை வெட்டிவிடும், தொட்டால் பிசுபிசுக்கும், பிறகு நொறுங்கும். பொலிஈத்தர் வகையைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது ஸ்டோரை ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தோடு வைத்திருக்க வேண்டும். பெட்டியில் திகதி எழுதி, முதலில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும்.

அத்திவாரம் பற்றி யாரும் சொல்லவில்லை. நிரப்பிய மணல் இறுகிக்கொண்டே இருக்கும். எல்லாத் தூணும் ஒரே அளவு இறங்கினால் பிரச்சினை இல்லை. பக்கத்துப் பக்கத்துத் தூண் இரண்டு வேறு வேறு அளவில் இறங்கினால் தண்டவாளம் முறுக்கும். பைல் அடித்து கீழே உறுதியான படுக்கை வரை போக வேண்டும், ஒவ்வொரு தூண் அடியிலும் அளவுப் புள்ளி ஒன்று பதித்து, முதல் வருடம் மாதம் ஒருமுறை சர்வே எடுக்க வேண்டும். அடித்தட்டுக்குக் கீழே தகடு செருகி உயர்த்த இடம் விட்டிருந்தால் பின்னால் வேலை சுலபம்.

---

மருதானை_மொனோரயில்:

நானா, சில்லுச்சத்தம் அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. அப்போ லோஞ்ச் ஆசையைக் கொஞ்சம் சுருக்கிக்கிறேன். இன்னொன்று: பின்னேரம் இங்க இடி மின்னல் வருமே, அப்போ ட்ரெயின் நடுவழியில் நின்றால் ஆளை எப்படி இறக்குவாங்க? இன்வர்ட்டட் என்றால் கால் தொங்குது, நிக்கவே தட்டு இல்லையே?

---

கொம்பனித்தெரு_நானா:

நல்ல கேள்வி. ட்ரெயின் கண்ட இடத்தில் நிற்காது. பாதையை பிளொக் பிளொக்கா பிரிச்சிருப்பாங்க, ஒரு பிளொக்கில் ஒரு ட்ரெயின்தான். முன்னால இருக்கிறது காலியாகாட்டி பின்னால வர்றதைப் பிரேக் பிடிச்சு வைக்கும். அதனால நிற்கக்கூடிய இடங்கள் லிஃப்ட் ஏற்றம், நடு பிரேக், கடைசி பிரேக், ஸ்டேஷன். இந்த இடங்களில் பக்கத்தில் படிக்கட்டும் நடைபாதையும் கட்டாயம். இன்வர்ட்டட்டில் நடைபாதை கால் மட்டத்துக்குக் கீழே வரும். சில இடங்களில் மடிச்சு வச்ச தட்டை நிமிர்த்தி, ஒரு வரிசையா பூட்டைக் கையால் திறந்து இறக்குவாங்க. 28 பேரை இறக்க அரை மணித்தியாலத்துக்கு மேல போகும். அதனால நம்ம ஊருக்கு, தண்டவாளத்துக்கு மேல கால் தட்டில் வச்சு உட்கார்ந்து போற வகையைத்தான் நான் சொல்வேன்.

லிஃப்டில் ஏறுறப்ப கேட்கிற 'டக் டக் டக்', ட்ரெயினுக்கு அடியில் இருக்கிற கொக்கி பல்லுத் தண்டில் விழுற சத்தம். சங்கிலி அறுந்தாலும் பின்னுக்கு உருளாது. அதனால லிஃப்டில் நின்றால் பயப்படத் தேவையில்லை.

மின்னலுக்கு, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் போனபிறகுதான் திரும்ப ஓட்டுறது. மின்னல் தெரிஞ்சு இடி கேட்க 30 செக்கனுக்குக் குறைவு என்றால் 10 கி.மீ தூரத்தில் இருக்கு, அப்பவே ஏத்துறதை நிறுத்தி, ஓடுறதை ஸ்டேஷனுக்கு எடுக்கணும். கொழும்பில் மார்ச்-ஏப்ரல், ஒக்டோபர்-நவம்பர் பின்னேரங்களில் இது கிட்டத்தட்ட நாளாந்த வேலை. அதனால வெளியில் ஒரு பெரிய ரைட் கட்டினால், பக்கத்தில் கூரைக்குள்ள இருட்டில் வண்டியில் போற ஒரு டார்க் ரைட்டும் சேர்த்துக் கட்டணும். நாலு மணிக்கு மழை பிடிச்சால் அவ்வளவு சனமும் எங்க போய் நிற்கும்?

---

வெள்ளவத்தை_லிஃப்ட்ஹில்:

மருதானை, பயணத்துக்குத் திரும்புவம். சென்னை போறதெண்டால் கதவு திறக்கிற நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி நில்லுங்கோ, நேர தஞ்சோராவுக்குப் போங்கோ. பெரியவரோட ஒராள் ஏறட்டும், மற்றாள் சின்னவரோட வெளியில நிக்கட்டும். இறங்கி வந்த உடன ஆளை மாத்துங்கோ. பாக், தொப்பி, போன் எல்லாம் லொக்கரில போட்டிட்டுத்தான் லைனுக்குப் போகவேணும். ஸ்டேஷனில நிண்டு பையைக் கழட்டிற 20 செக்கனால 75 செக்கன் 95 ஆனால், நானாவின்ர 1344 பேர் 1036 ஆகிப்போம். தண்ணி ரைட்டுகளை மத்தியானத்துக்குப் பிறகு வையுங்கோ, ஈரத்தோட கோஸ்டர் இருக்கையில இருந்தால் தோள்பட்டை உரசும்.

உங்கட சின்னவரின்ர உயரத்தை வெறுங்காலோட சுவரில நிறுத்தி, பின்னேரம் அளவுங்கோ. காலமை எழும்பின உடன எல்லாருக்கும் ஒரு செ.மீ கூடக் காட்டும்.

---

மருதானை_மொனோரயில்:

பின்னேரம் அளந்தோம். 117. சின்னவருக்கு ஏறக்கூடிய ரைட்டுகளை முதலே பட்டியல் போட்டுட்டு, ஓகஸ்ட் மூணாங் கிழமைக்குப் பிறகு செவ்வாய்க்கிழமையா சென்னைக்கு போடுறேன்.