முன்வைப்பா, ஏந்தலா, காட்டலா?

உவர்மலை ஆசிரியர்:
வணக்கம். உயர்தர உயிரியல் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும். வைரசு தொற்றிய கலம் அந்த வைரசின் புரதத் துண்டை மேற்பரப்பில், நோயெதிர்ப்புக் கலமான ரி கலத்துக்குத் தெரியவைக்கிறதே, அதற்கு ஒரு சொல் தேவை. அன்ரிஜன் என்பதற்குப் பாடநூற்சொல் பிறபொருளெதிரியாக்கி; ஆகவே 'பிறபொருளெதிரியாக்கி முன்வைப்பு' என்று எழுதியிருக்கிறேன். வாசித்தால் கருத்தரங்கு மாதிரி இருக்கிறது.

மூதூர் மருத்துவர்:
சேர், முன்வைப்பு பொருந்தாது. முன்னால் வைத்தால் கையை எடுத்துவிடுவோம். கலம் கையை எடுப்பதில்லை. உள்ளே உருவான வைரசுப் புரதத்தைப் புரோத்தியசோம் வெட்டுகிறது. துண்டுகள் டாப் என்ற கடத்தி வழியாகக் கலத்தினுள் இருக்கும் அகமுதலுருச் சிறுவலைக்குள் நுழைகின்றன. அங்கே துண்டைத் தாங்கும் எம்.எச்.சி. வகுப்பு 1 மூலக்கூற்றின் பள்ளத்தில் 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமான துண்டு பொருந்தினால்தான் அந்த மூலக்கூறு உறுதியாகி மேலே வரும். ரி கலம் துண்டைத் தனியே அறியாது. துண்டும் அதை ஏந்தியதும் சேர்ந்த வடிவத்தைத்தான் அறியும். சிங்கர்நாகலும் டொகர்ட்டியும் 1974இல் கண்டது இதைத்தான். 1996இல் நோபல் பரிசு. ஆகவே 'ஏந்தல்'.

பெரியகடைப் பண்டிதர்:
ஏந்தல் என்றால் மன்னன். தமிழகத்தில் குளத்துக்கும் அந்தப் பெயர் உண்டு, நீரை ஏந்துவதால். நம் கந்தளாய்க் குளத்தை எவரும் ஏந்தல் என்பதில்லை, அது வேறு கதை. கையேந்தலோ பிச்சை! காண் தன்வினை, காட்டு பிறவினை. உண், ஊட்டு போல. காட்டு என்றாலே காண்பவன் ஒருவன் உள்ளே இருக்கிறான். கண்ணகி வழக்குரைத்தபோது முழுச் சிலம்பால் வெல்லவில்லை. உடைத்தாள், பரல் தெறித்தது. முத்தல்ல, மாணிக்கம் என்று கண்டபின்தான் தன்னதா பிறரதா என்பது பாண்டியனுக்குத் தெரிந்தது. 'பரல்காட்டல்' என்போமே.

கிண்ணியா ஆசிரியை:
ஐயா, பரல் அழகுதான். பரீட்சை மண்டபத்தில் ஒரு பிள்ளைக்கும் விளங்காது. பிறபொருளெதிரி (அன்ரிபொடி), பிறபொருளெதிரியாக்கி (அன்ரிஜன்) இரண்டையுமே மாறி எழுதுகிறார்கள். 'அன்ரிஜன் காட்டல்' போதாதா?

உவர்மலை ஆசிரியர்:
ரீச்சர், பாடநூலில் இருப்பதை நாம் மாற்றினால் குழப்பம் இரட்டிப்பாகும். முதற்பாதியைத் தொடவேண்டாம்.

மூதூர் மருத்துவர்:
காட்டல் மட்டும் வைத்தால் ஒன்று தவறிப்போகும். ஹேர்ப்பிசு வைரசின் ஒரு புரதம் டாப்பை அடைத்துவிடுகிறது. துண்டு உள்ளே போகாது, ஏந்த ஒன்றுமில்லை, கொல்லும் ரி கலம் கண்டுபிடிக்காமல் கடந்துவிடும். குறை ஏந்துவதில்தான். இன்னொன்று: தொற்றிய எந்தக் கலமும் காட்டலாம், ஆனால் புது ரி கலத்தை முதன்முதல் எழுப்புவது பெரும்பாலும் நிணநீர்க்கணுவுக்கு வந்து சேரும் கிளைக்கலம் (டென்ரிற்றிக் கலம்). அதன் மேற்பரப்புப் புரதமான பி7 போய் ரி கலத்தின் சிடி28 என்ற புரதத்தைத் தொடவேணும். துண்டு மட்டும் தெரிந்து அந்த இரண்டாம் சைகை இல்லாவிட்டால் ரி கலம் மரத்துப்போகும். காட்டலையும் எழுப்பலையும் ஒரே சொல்லுக்குள் அடைக்காதீர்கள். கிளைக்கலம் விழுங்கியதை வகுப்பு 2இல் உதவி ரி கலத்துக்கு ஏந்துகிறது. அங்கே துண்டு இன்னும் நீளமானது, 13 முதல் 25 அமினோ அமிலம்.

கிண்ணியா ஆசிரியை:
அப்போ 'ஏந்திக்காட்டல்'. எழுப்பலுக்கு 'கிளர்த்தல்'. எனக்குச் சரி.

உவர்மலை ஆசிரியர்:
எனக்கும். 'பிறபொருளெதிரியாக்கி ஏந்திக்காட்டல்'. நீளம்தான், என்ன செய்ய. பரலை அடைப்புக்குறிக்குள் போடட்டுமா ஐயா?

பெரியகடைப் பண்டிதர்:
அடைப்புக்குறி வேண்டாம். ஏந்தாமல் காட்டமுடியாதென்றால் 'ஏந்தி' மிகை. என் மறுப்பு இருக்கட்டும். அதுசரி, கிளைக்கலம் என்று யார் வைத்தது? கிளை என்றால் சுற்றமும் அல்லவா?