மறுமொழி: டைவ் கம்ப்யூட்டருக்கு ‘முக்குளிமானி’ பொருந்துமா?

> கையில் கட்டுவதுதானே, ஆழமும் காட்டுகிறது. ஆழமானி, அழுத்தமானி வரிசையில் ‘முக்குளிமானி’ என்றே வைத்துவிடலாம்.

ஐயா, வணக்கம்.

முக்குளிப்பவர் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டருக்கு நீங்கள் சொன்ன சொல் வாய்க்கு வாகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘மானி’ என்று முடிவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆழமானி நீரின் அழுத்தத்தை அளந்து ஆழமாகக் காட்டும். அழுத்தமானி, முதுகில் சுமக்கும் காற்று உருளையில் இன்னும் எத்தனை பார் (அழுத்த அலகு) காற்று மிச்சம் என்று சொல்லும். இரண்டும் அளக்கின்றன, சரி. டைவ் கம்ப்யூட்டரும் ஆழத்தையும் நேரத்தையும் அளக்கிறதுதான். ஆனால் அதை வாங்குவது அதற்காக இல்லையே! நீரடியில் மூச்சோடு உடம்பில் நைட்ரஜன் எவ்வளவு ஏறியிருக்கிறது (வேகமாக மேலே வந்தால் அது குமிழாகி உபாதை தரும்), இதே ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான். அந்த நைட்ரஜனை எந்தக் கருவியும் அளப்பதில்லை. பல கருவிகளில் இருக்கும், ப்யூல்மான் என்ற ஆய்வாளர் வகுத்த கணக்கு முறை, உடலை 16 கற்பனைத் திசுக்களாகப் பிரித்துக்கொண்டு விடாமல் கணக்குப் போடுகிறது. முந்தின இரவு தூங்காதவரா, போதிய தண்ணீர் குடிக்காதவரா என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. மானி என்று பெயர் வைத்தால், உடம்பையே அளந்து சொல்லிவிட்டது என்று நம்புவார்கள்.

எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று அச்சிட்டு வைத்திருக்கும் முக்குளிப்பு அட்டவணை செய்வதும் இதே கணக்குத்தான். 1908இல் உடலியல் அறிஞர் ஹால்டேன், ஆடுகளைச் சோதித்து முதல் அட்டவணையை வெளியிட்டார். அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணையில் 60 அடிக்கு 60 நிமிடம், 100 அடிக்கு 25 நிமிடம். சிக்கல் என்னவென்றால், 100 அடியை எட்டிப் பார்த்துவிட்டு மீதி நேரத்தை 40 அடியில் கழித்தாலும், முழுக்க 100 அடியில் இருந்ததாகவே அட்டவணை கணக்கு வைக்கும். கருவி நாம் இருக்கும் ஆழத்துக்கு ஏற்பக் கணக்கை அங்கேயே திருத்திக்கொள்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆகவே ‘முக்குளிப்புக் கணிப்பி’ என்று முன்வைக்கிறேன். கணிப்பு என்றால் கணக்கும் உண்டு, உத்தேசமும் உண்டு. இங்கே இரண்டுமே வேண்டும். ‘முக்குளிப்புக் கணினி’ வேண்டாம். படகில் ஒருவர் “என் கணினியைக் காணோம்” என்றால் எல்லாரும் மடிக்கணினியைத் தேடுவார்கள்.

இன்னொன்று. பல கருவிகளில், நைட்ரஜன் கணக்கை நிறுத்திவிட்டு ஆழத்தையும் நேரத்தையும் மட்டும் காட்டும் ஓர் அமைப்பு உண்டு. அட்டவணையை வைத்து இறங்குபவர்கள் அதைப் பயன்படுத்துவார்கள். அதைத்தான் ‘மானி நிலை’ என்று சொல்ல வேண்டும். கருவிக்கே மானி என்று வைத்துவிட்டால் அப்புறம் இதற்கு என்ன பெயர்?

இதே ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் என்று கருவி காட்டும் அந்த ‘நோ-டெக்கோ லிமிட்’டுக்கு வந்த ‘அழுத்தநீக்கமில்லா வரம்பு’ பொருளிலேயே தவறு. மேலே ஏறினாலே அழுத்தம் குறையத்தான் செய்யும். வழியில் நிற்காமல் ஏறலாம் என்பதே செய்தி. ‘நில்லா ஏற்ற வரம்பு’ எப்படி?

---

> ‘நில்லா ஏற்ற வரம்பு’ எப்படி?

கணிப்பிக்கு என் ஆதரவு. எங்கள் பக்கம் கால்குலேட்டரைக் கணிப்பான் என்போம், அதோடு மோதாது. அழுத்தமானியை மட்டும் நாங்கள் அமுக்கமானி என்றுதான் எழுதுவோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘நில்லா’வில்தான் இடறுகிறது. வரம்புக்குள் இருந்தாலும் 5 மீட்டரில் 3 நிமிடம் நில் என்றுதானே பயிற்சியில் சொல்கிறார்கள்? புதிதாகக் கற்பவர் குழம்பிப்போவார். அந்த நிறுத்தம் முன்னெச்சரிக்கை, வரம்பைத் தாண்டினால் வருவது கட்டாயம். முதலில் ‘முன்னெச்சரிக்கைத் தங்கல்’, ‘கட்டாயத் தங்கல்’ இரண்டையும் முடிவு செய்துவிட்டு வரம்புக்கு வரலாமே.