கராத்தே டிரஸ், பெல்ட் முடிச்சு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பாம்பன்_காத்து:
மாவட்டப் போட்டி, ராமநாதபுரத்தில். அண்ணன் மகன் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பெல்ட் தளர்ந்து தொங்குகிறது, மாஸ்டரோ வேறு போட்டி விரிப்பில். அண்ணன் முடிச்சைப் பார்த்தார். ஒரு முனை மேலே, ஒரு முனை கீழே என்று நின்றது. "இது உருவிக்கிட்டு வர்ற முடிச்சுடா" என்று அவிழ்த்து, முதல் பின்னலுக்கு எதிர்ப்பக்கமாக இரண்டாவதைப் போட்டு ஒரே இழுப்பு. முனை இரண்டும் மீசை மாதிரி பக்கவாட்டில் படுத்துக்கொண்டன. கராத்தே கிளாஸ் வாசலை மிதித்தவர் இல்லை அவர். மீன்பிடி வல்லத்தில் கயிறு கட்டிப் பழகிய கை. நடுவர் தொட்டுப் பார்த்து, "நல்லாயிருக்கே, யாரு கட்டிவிட்டா?" என்றார். "எங்க மாஸ்டர் சார்" என்றான் பையன். அண்ணன் இரண்டடி தள்ளித்தான் நின்றார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு யார் ஜெயித்தது என்றுகூட எனக்கு நினைவில்லை.

கீழக்கரை_கறுப்புபெல்ட்:
முடிச்சு சரி, சட்டை எந்தப் பக்கம் மடிந்திருந்தது? அதை யாருமே கவனிப்பதில்லை. இடது மடிப்பு மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் ஜப்பானில் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. எங்கள் கிளாஸில் ஒரு பொடியன் அப்படி வந்து நின்றான். வெளியூரிலிருந்து வந்திருந்த பெரியவர் பேச்சைப் பாதியில் விட்டு, அவன் முன்னால் மண்டி போட்டு, தானே மாற்றிக் கட்டிவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. என் கதை அவ்வளவுதான்.

அப்புறம், பெற்றோர்கள் கவனிக்க. உலகக் கராத்தே கூட்டமைப்பு விதிப்படி சட்டையின் நாடாவைக் கட்டித்தான் ஏற வேண்டும், கையைச் சுருட்டிவிடக் கூடாது. பெல்ட் சுமார் 5 செ.மீ. அகலம்; முடிச்சுக்கு இரண்டு பக்கமும் 15 செ.மீ. தொங்கணும், முக்கால் தொடையைத் தாண்டக் கூடாது. நடுப்பகுதியைத் தொப்புளுக்குக் கீழே வைத்து, முதுகில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சுற்றி முன்னால் கொண்டுவாருங்கள். மேலே இருக்கும் முனையை இரண்டு சுற்றுக்கும் அடியில் விட்டு இழுத்த பிறகுதான் முடிச்சு. ஒரு சுற்றுக்கு மட்டும் அடியில் விட்டால் நாலு குத்தில் தளர்ந்துவிடும். அண்ணனிடம் அதையும் சொல்லுங்கள்.

தேவிபட்டினம்_கம்பு:
அண்ணனுக்கே பாடமா? நல்லா இருக்கு. சிலம்பத்தில் எங்களுக்கு இந்த அளவுக் கணக்கெல்லாம் இல்லை. வேட்டியைத் தார்ப்பாய்ச்சி, இடுப்பில் துண்டை இறுக்கினால் ஆச்சு. ஒருநாள் கடற்கரை மணலில் விளையாடும்போது அந்தத் துண்டு அவிழ்ந்து என் கம்பு நுனியில் சுற்றிக்கொண்டது. எதிரில் நின்றவன் பாவம் பார்த்துக் கம்பை இறக்கினான். வாத்தியார், "உன்னை யாருடா நிறுத்தச் சொன்னது? போடு!" என்றார். போட்டான். தோள்பட்டையில்.

தங்கச்சிமடம்_அக்கா:
எங்கள் வீட்டில் கட்டுவதைவிடத் துவைப்பதுதான் பெரும்பாடு. இந்த உப்புத் தண்ணியில் வெள்ளை டிரஸ் பழுப்படிக்கிறது என்று ஆத்தா நீலம் கரைத்தார்கள். அதே வாளியில் தம்பியின் மஞ்சள் பெல்ட்டும் போய்விட்டது. காய்ந்து வந்தபோது பச்சை. அவனும் கூச்சமில்லாமல் கட்டிக்கொண்டு போனான். "பச்சைக்கு எப்படா பரீட்சை கொடுத்தே?" என்றாராம் மாஸ்டர்.

பெல்ட்டைத் துவைக்கவே கூடாது என்று யாராவது பாடம் எடுக்க வருவீர்கள், தெரியும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் பையிலேயே கிடந்த பெல்ட்டை மோந்து பார்த்துவிட்டு வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.