டேர்டெவில் மூன்றாம் சீசன்: கடைசி நான்கு எபிசோடுகள் தூக்கி நிறுத்தினவா, கைவிட்டனவா?

ஹம்டன்லேன்

டேர்டெவில் மூன்றாம் சீசனை இந்த மாதம் திரும்பவும் பார்த்தேன். 2018 ஒக்டோபரில் 13 எபிசோடும் ஒரே நாளில் வந்தபோது இரண்டே இரவில் முடித்துவிட்டேன், அதனால் கடைசிப் பகுதி மனதில் நிற்கவே இல்லை. இந்த முறை இரவுக்கு ஒன்றுதான். வெள்ளவத்தையில் கடைசி ரயில் போன பிறகு, ஹெட்போனோடு.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: நியூயோர்க்கின் ஹெல்ஸ் கிச்சனில் மட் மேர்டொக் என்ற கண் தெரியாத சட்டத்தரணி, இரவில் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு குற்றவாளிகளோடு மோதுகிறான். வில்சன் ஃபிஸ்க் என்ற கும்பல் தலைவன் சிறையில் இருந்தபடியே எஃப்.பி.ஐ. அதிகாரிகளை ஒவ்வொருவராக வளைத்து, ஒரு ஹோட்டல் மாடிக்கு இடம் மாறி, அங்கிருந்து நகரத்தையே பிடிக்கப் பார்க்கிறான். இனி முடிவு வரைக்கும் கதைப்பேன். பார்க்க இருப்பவர்கள் இங்கேயே நின்றுவிடுங்கள்.

என் கட்சி இதுதான்: 10 முதல் 13 வரையான நான்கு எபிசோடுகள்தான் இந்தத் தொடரின் உச்சம். காரணம் ரே நதீம். அவன் ஒரு எஃப்.பி.ஐ. அதிகாரி. மனைவி, ஒரு மகன். அண்ணன் மனைவிக்குப் புற்றுநோய், அந்தச் செலவில் கழுத்தளவு கடன். அந்தக் கடனைக் காட்டியே பதவி உயர்வை மறுக்கிறார்கள். கடன்பட்டவனை விலைக்கு வாங்கலாம் என்ற பயம். ஃபிஸ்க் அதைத்தான் செய்கிறான். சீட்டுக்காசும் அடகுக்கடையும் தெரிந்த யாருக்கும் நதீமைப் புரியவைக்கத் தேவையில்லை. அந்த மனிதன் கடைசியில் தொலைபேசியை எதிரே வைத்து, தான் செய்த பிழைகளையும் ஃபிஸ்க் செய்த குற்றங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, குடும்பத்தைப் பாதுகாப்பாக அனுப்பிவிட்டு, வீட்டில் சாவை எதிர்பார்த்து நிற்கிறான். ஃபிஸ்கை விழுத்தியது அந்த வாக்குமூலம். முகமூடிக்காரனின் கை அல்ல.

கறுப்புத்துணி

அண்ணா, நதீமை எனக்கும் பிடிக்கும். ஆனால் நீங்கள் சொல்வது உண்மையென்றால் அதுதான் என் குறையும். தொடரின் பெயர் டேர்டெவில். 13 எபிசோட் அவனோடு நடந்துவிட்டு, கடைசியில் ஒரு வீடியோதான் எல்லாவற்றையும் முடித்தது என்றால் மட் எதற்கு?

நாலாவது எபிசோடை நினைத்துப் பாருங்கள். சிறைக்குள் நடக்கும் அந்தச் சண்டை, வெட்டே இல்லாமல் பதினொரு நிமிடத்துக்குக் கிட்ட. மருந்து ஏற்றப்பட்ட உடம்போடு சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வருகிறான். ஆறாவதில் ஃபிஸ்க் வளைத்த இன்னொரு எஃப்.பி.ஐ. அதிகாரி டெக்ஸ், டேர்டெவிலின் உடுப்பைப் போட்டுக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்து, மேசையில் கிடப்பதையெல்லாம் ஆயுதமாக எறிகிறான். அந்த வேகத்தில் வந்த கதை பத்தாவதில் பிரேக் போடுகிறது. மட்டின் தோழி கேரன் பேஜின் பழைய ஊர், பழைய காதலன், அப்பாவின் சாப்பாட்டுக் கடை. எபிசோடில் பாதி அதற்கே போய்விட்டது. எல்லோரும் கேரனைக் கொல்லத் தேடும் நேரத்தில் பழங்கதையைத் திறப்பது நல்ல எழுத்தாளன் செய்யும் வேலையா?

அப்புறம் பன்னிரண்டாவது. நதீமை உயிரோடு நீதிமன்றம் கொண்டுபோய்ச் சேர்க்க அவ்வளவு பாடு. சாட்சியும் சொல்கிறான். கிராண்ட் ஜூரி வழக்கே போடமாட்டோம் என்கிறது, ஃபிஸ்க் அவர்களையும் மிரட்டிவிட்டான். ஒரு சீசன் முழுக்கக் கட்டிய வழி ஒரே காட்சியில் அடைபடுகிறது. அடுத்த வழியாக வீடியோ வானத்திலிருந்து விழுந்தமாதிரி வருகிறது.

ஹம்டன்லேன்

தம்பி, கேரன் எபிசோடைப் பற்றி நீங்கள் சொல்வதை 2018இல் நானும் சொன்னேன். இப்போது எட்டாவதையும் பத்தாவதையும் ஓர் இரவு இடைவெளியில் பார்க்கும்போது வேறுமாதிரித் தெரிந்தது. எட்டாவதில் அவள் தனியாக ஃபிஸ்கின் மாடிக்குப் போய், உன் வலக்கை வெஸ்லியைச் சுட்டவள் நான்தான் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். ஏன் இப்படிச் சாவைத் தேடிப் போகிறாள்? பத்தாவதில் விடை இருக்கிறது. தம்பியை வைத்துக்கொண்டு அவள் ஓட்டிய கார் கவிழ்ந்து அவன் செத்தான். அப்பா ஊரை விட்டுப் போ என்றார். அன்றிலிருந்து தன் உயிருக்கு அவள் விலை வைக்கவில்லை. இதை ஐந்தாவதில் காட்டியிருந்தால் வெறும் தகவலாகப் போயிருக்கும்.

மட் எதற்கு என்று கேட்டீர்கள். நதீமை அந்த வாசல்வரை உயிரோடு கொண்டுவந்தவன் மட். அது சின்ன வேலையா?

செபமாலை

நான் கொட்டாஞ்சேனை. இந்தச் சண்டையில் இருவரும் தேவாலயத்தை மறந்துவிட்டீர்கள். பத்தாவது எபிசோடின் மறுபாதி முழுவதும் அங்கேதான் நடக்கிறது.

எட்டாவதின் முடிவில்தான் மட் தெரிந்துகொள்கிறான், தன்னை அனாதை விடுதியில் பார்த்துக்கொண்ட அருட்சகோதரி மெகி தன்னைப் பெற்றவள் என்று. அந்தத் தேவாலயத்தின் குருவானவர் பாதர் லான்டமுக்கு அது இத்தனை ஆண்டும் தெரியும், சொல்லவில்லை. மட் அவர்மேல் கொதிப்போடு இருக்கிறான். பத்தாவதிலேயே டெக்ஸ் கேரனைக் குறிவைத்து எறிந்ததைத் தன் உடம்பில் வாங்கி அவர் சாகிறார். சாகும்போது அவனிடம் மன்னிப்புத்தான் கேட்கிறார்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வளர்ந்த எனக்கு இந்தக் காட்சி இலேசாகப் போகவில்லை. எப்போதும் கேட்டுக்கொண்டு உள்ளே இருப்பவர் குருவானவர், நாம்தான் வெளியே முழங்காலில். இங்கே குருவானவர் மன்னிப்புக் கேட்கிறார், பதில் சொல்ல வேண்டியவன் நேரத்துக்குச் சொல்ல முடியாமல் நிற்கிறான். கடைசி எபிசோடில் அவருடைய அடக்கத் திருப்பலியில் மட் எழுந்து பேசுகிறானே, அதுதான் பிந்திவந்த பதில். மகன் பேசுவதைத் தாயும் கேட்கிறாள். கறுப்புத்துணி, பிரேக் என்று நீங்கள் சொல்வது எனக்கு மூச்செடுத்த இடம்.

இன்னொன்று. கேரனும் மட் மேர்டொக்கும் ஒரே கூரையின் கீழ் ஒளிந்திருப்பது சும்மா இல்லை. இருவருக்கும் பாரம் ஒன்றுதான், தன்னால் ஒருவர் செத்தார் என்பது. அதனால் அவளுடைய பழங்கதை அந்த இடத்தில் வருவது எனக்கு உறுத்தவில்லை.

கறுப்புத்துணி

அக்கா, தேவாலயக் காட்சியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குக் குறை அதற்கு முந்திய முப்பது நிமிடம். ஆனால் மெகியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை நான் கவனிக்கவில்லை, அதற்கு நன்றி.

கிராண்ட் ஜூரிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

புதுக்கடைப்படி

சட்டத்தரணி என்ற முறையில் வருகிறேன். கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் பதினேழு வருடம்.

முதலில் கிராண்ட் ஜூரி. இலங்கையில் நம்மிடம் அது இல்லை. இங்கே மேல் நீதிமன்றத்துக்குக் குற்றப்பத்திரிகை அனுப்புவது சட்டமா அதிபர். ஜூரி வைத்து வழக்கை விசாரிப்பது நம்மிடமும் சட்டத்தில் உண்டு, ஏழு பேர், ஆனால் அது குற்றவாளியா இல்லையா என்று சொல்ல. அமெரிக்காவில் கிராண்ட் ஜூரி அதற்கு முந்திய படி. 16 முதல் 23 பேர் மூடிய அறையில் இருந்து, வழக்குப் போட ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். 12 பேர் ஆம் என்றால் போதும். அப்படியென்றால் ஃபிஸ்க் எல்லோரையும் மிரட்டத் தேவையில்லை, 12 சேராமல் பார்த்தால் சரி. பாதுகாப்பு முழுவதும் சாட்சியைச் சுற்றி நின்றபோது அவன் கேட்பவர்களிடம் போய்விட்டான். அந்தத் திருப்பம் நேர்மையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. என் தொழிலில் இரவெல்லாம் மனதில் ஓடுவது அதுதான். ஒரு வழக்கில் எனக்காகக் கூண்டில் ஏறிய பெண், முதல் நாள் தெளிவாகச் சொன்னதை மறுநாள் நினைவில்லை என்றாள். இடையில் ஓர் இரவுதான். இங்கே சாட்சிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்ததே 2015இல்தான்.

ஆனால் வீடியோவில் கறுப்புத்துணி பக்கம்தான் நிற்கிறேன். தொடர் அதை மரண வாக்குமூலம் என்று சொல்லி எல்லாக் கதவையும் திறந்துவிடுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சான்று விதி 804இல் மரண வாக்குமூலம் கொலை வழக்கிலும் சிவில் வழக்கிலும்தான் செல்லும். சொல்பவர் தன் சாவு நெருங்கிவிட்டது என்று நம்பியிருக்க வேண்டும், சொல்வதும் அந்தச் சாவின் காரணத்தையும் சூழ்நிலையையும் பற்றியதாக இருக்க வேண்டும். நதீமைக் கொன்றது யார் என்பதற்கு அது உதவலாம். ஃபிஸ்க் அதிகாரிகளை வாங்கியது, சிறையிலிருந்து வெளியே வந்தது, இதற்கெல்லாம் அந்த வாசலால் நுழைய முடியாது.

நம் சட்டம் கொஞ்சம் அகலம். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 32ஆம் பிரிவு. சாகப்போகிறேன் என்ற எண்ணம் இருந்திருக்கத் தேவையில்லை. 1939இல் அப்போதைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குப் போன ஓர் இந்திய வழக்கை இங்கே இன்றும் காட்டுவோம். ஒருவர் வரவேண்டிய காசை வாங்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார், பிணமாகக் கிடைத்தார். புறப்படும்போது சொன்ன அந்தச் சொல்லையே ஏற்றார்கள். ஆனாலும் சாவோடு ஒட்டிய சூழ்நிலை என்ற எல்லை நமக்கும் உண்டு.

ஹம்டன்லேன்

அப்படியென்றால் வீடியோ செல்லாது என்கிறீர்களா? அந்த ஒன்று விழுந்தால் என் கட்சியும் விழுகிறது, அதனால் கேட்கிறேன்.

புதுக்கடைப்படி

செல்லும். வேறு வாசலால். அதே 804இல் 1997இல் சேர்த்த ஒரு பகுதி இருக்கிறது. சாட்சி வரமுடியாமல் போனதற்கு எதிர்த்தரப்பே வேண்டுமென்று காரணமாக இருந்தால், அந்தச் சாட்சி முன்பு சொன்ன எதையும் அவருக்கு எதிராக எடுக்கலாம். சாட்சியைக் கொன்றவன், அவனைக் குறுக்கு விசாரணை செய்ய முடியவில்லையே என்று முறையிட முடியாது. நதீமுக்காகவே எழுதின விதி மாதிரி இருக்கிறது. எழுத்தாளர்கள் பக்கத்துக் கதவைத் தட்டிவிட்டார்கள், வீடு சரியானதுதான்.

கறுப்புத்துணி

ஐயா, ஒரு நிமிடம். நதீமைக் கொல்லச் சொன்னது ஃபிஸ்க் இல்லையே. கட்டளை போட்டது வனெஸா, அவன் கலியாணம் கட்டப்போகிறவள். டெக்ஸ் போய்ச் செய்தான். பிறகு எப்படி இதை ஃபிஸ்கின் தலையில் கட்டுவது?

இந்த இடத்தில்தான் முடிவே எனக்குப் பிடிக்காமல் போகிறது. பதின்மூன்றாவதில் கலியாண மாடியில் மட், டெக்ஸ், ஃபிஸ்க் மூவரும் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். அந்தச் சண்டை பிரமாதம், மறுக்கவே மாட்டேன். ஃபிஸ்க் டெக்ஸின் முதுகெலும்பை உடைக்கிறான். வனெஸாவுக்குப் பிடித்த அந்த வெள்ளை ஓவியத்தில் இரத்தம் தெறிக்கிறது. மட் ஃபிஸ்கைக் கொல்லாமல் விடுகிறான். அதுவரை சரி. அப்புறம் ஒரு பேரம்: கேரனையும் என் நண்பன் ஃபொகியையும் நீ தொடாதே, வனெஸா செய்ததை நான் வெளியே சொல்லமாட்டேன். நதீமின் மனைவிக்கு என்ன பதில்? கொலைக்குக் கட்டளை போட்டவள் வெளியே நடந்து திரிகிறாள்.

2025 மார்ச்சில் தொடங்கிய புது டேர்டெவில் தொடரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் எபிசோடிலேயே டெக்ஸ் ஃபொகியைச் சுட்டுக் கொல்கிறான், பின்னால் பார்த்தால் அதையும் செய்வித்தவள் வனெஸா. அந்தப் பேரம் எவ்வளவு பெறுமதி என்று அப்போதே தெரிந்துவிட்டது.

செபமாலை

ஏழு வருடம் கழித்து வேறு ஆட்கள் எழுதியதை வைத்து 2018இன் முடிவை நிறுக்க வேண்டாம், தம்பி. அந்தச் சீசன் வந்து ஒன்றரை மாதம் ஆகுமுன்பே தொடரை நிறுத்திவிட்டார்கள். ஆனால் நதீமின் மனைவியைப் பற்றிச் சொன்னது உண்மை. அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. லான்டமின் சாவுக்கு ஒரு திருப்பலி நடந்தது, நதீமுக்கு அந்த அளவு இடம்கூடக் கிடைக்கவில்லை.

புதுக்கடைப்படி

கேட்ட கேள்வி நல்ல கேள்வி. விதியின் சொற்களைப் பாருங்கள்: காரணமாக இருந்தாலும் சரி, அதற்கு இணங்கி நின்றாலும் சரி. வனெஸா கட்டளை போடும்போது ஃபிஸ்க் அங்கேயே இருக்கிறான், தடுக்கவில்லை. அவ்வளவு போதும். அவள் போட்ட கட்டளை அவன் வாயையும் சேர்த்துக் கட்டுகிறது.

ஆனால் அதை யார் நிரூபிப்பது? ஃபிஸ்க் இணங்கினான் என்று காட்ட, முதலில் வனெஸா சொன்னாள் என்று காட்ட வேண்டும். மட் மறைப்பதாக வாக்குக் கொடுத்தது அதைத்தான். நதீமின் வீடியோ நீதிமன்றத்துக்குள் நுழைய ஒரே நல்ல வாசல் அது, அந்தத் திறப்பைக் கொண்டுபோய் ஃபிஸ்கின் கையில் கொடுத்துவிட்டான். அவனும் ஒரு சட்டத்தரணி. டெக்ஸை வைத்து நிரூபிக்கப் பார்க்கலாம், அவன் வாய் திறந்தால்.

ஹம்டன்லேன்

இதை நான் யோசிக்கவில்லை. இரண்டு முறை பார்த்தும் அந்தப் பேரத்தை மட்டின் வெற்றியாகத்தான் எடுத்துக்கொண்டேன். கொல்லாமல் விட்டது வெற்றி, அதில் மாறமாட்டேன். ஆனால் அடுத்த நிமிடமே உயிரோடிருக்கும் இரண்டு நண்பர்களுக்காகச் செத்த சாட்சியை விற்றுவிட்டான் என்றால், நான் முதலில் எழுதிய வரி பாதிதான் நிற்கும். ஃபிஸ்கை விழுத்தியது நதீம்தான், ஆனால் அவனுடைய சொல்லை முழுதாகக் காப்பாற்ற மட் நிற்கவில்லை.

கேரன் எபிசோட் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை, கறுப்புத்துணி.

கறுப்புத்துணி

நானும் விடவில்லை அண்ணா. அது ஏழாவதில் வந்திருக்க வேண்டும். இன்றிரவு பன்னிரண்டாவதை மட்டும் போடப்போகிறேன், வனெஸா அதைச் சொல்லும்போது ஃபிஸ்கின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க. தடுக்கவில்லை என்பது மட்டும்தானா, சந்தோஷப்பட்டானா என்று.