மறு: ‘ரீகால்’ – திரும்பப் பெறலா, மீளழைப்பா?

வணக்கம், வித்த பொருள்ல ஆபத்தான குறை இருந்தா கம்பெனி வாங்கினவங்களக் கூப்பிட்டு சரி பண்ணித் தர்ற ‘ரீகால்’க்கு (recall) நம்ம கலைச்சொல் பட்டியல்ல என்ன சொல் போடறதுங்கிற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘திரும்பப் பெறல்’னே வச்சுக்கலாமே ஐயா, பேப்பர்ல எல்லாம் அதான வருது, புதுசா எதுக்கு ஒண்ணு?

பேப்பர்ல வர்றதுதான் எனக்கு பிரச்சனையே. ‘இத்தனை ஆயிரம் கார்களை திரும்பப் பெறுகிறது’ன்னு தலைப்பு போட்டா, படிக்கிறவரு கம்பெனிக்காரன் வந்து வண்டிய எடுத்துட்டுப் போயிடுவானோ, அப்ப என் லோன் என்ன ஆகும்னுதான் முதல்ல யோசிப்பாரு. ஆனா நடக்கிறது என்னன்னா, சர்வீஸ் சென்டர்ல வண்டிய விட்டா காசு வாங்காம ஒரு பார்ட்ட மாத்தி திருப்பிக் குடுத்துடுவாங்க, அவ்ளோதான். தகாட்டாங்கிற ஜப்பான் கம்பெனியோட ஏர்பேக் விவகாரத்துல, பைய ஊத வைக்கிற இன்ஃப்ளேட்டருக்குள்ள இருந்த அமோனியம் நைட்ரேட்ங்கிற ரசாயனம் வருஷக்கணக்கா சூடும் ஈரப்பதமும் பட்டு கெட்டுப்போச்சு, அதனால ஏர்பேக் விரியும்போது அந்த உலோகக் கூடே வெடிச்சு உள்ள இருக்கிறவங்க மேல துண்டு துண்டா பாஞ்சுது. அமெரிக்காவுல மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக் ரீகால் ஆச்சு, ஆனா கார் காரோட ஓனர்கிட்டயேதான் இருந்துச்சு, இன்ஃப்ளேட்டர்தான் மாறிச்சு.

இன்னும் தெளிவா வேணும்னா 2016 ஜூன்ல ஐகியாங்கிற ஃபர்னிச்சர் கம்பெனி பண்ணின ரீகால பாருங்க. ‘மால்ம்’ங்கிற மாடல் உள்ளிட்ட இழுப்பறை அலமாரி 2.9 கோடி, சுவத்துல பொருத்தலேன்னா சின்னப் புள்ளைங்க இழுப்பறைய இழுத்து ஏறும்போது அப்படியே மேல கவிழுது, குழந்தைங்க செத்தே போயிருக்காங்க. கம்பெனி சொன்னது என்னன்னா பணத்த வாங்கிக்கோங்க, இல்லேன்னா சுவத்துல பொருத்துற கிட் இலவசமா தர்றோம், வேணும்னா நாங்களே வீட்டுக்கு வந்து மாட்டித் தர்றோம். கிட்ட வாங்கினவங்க வீட்டுல அலமாரி இருந்த இடத்த விட்டு நகரவே இல்ல. இதப் போயி திரும்பப் ‘பெறல்’னு எப்படிச் சொல்றது? இலங்கை நண்பர் சொன்ன ‘மீளப்பெறல்’லயும் இதே சிக்கல்தான், கேக்க நல்லாத்தான் இருக்கு.

அடுத்தது, ஐரோப்பிய ஒன்றியத்துக்காரங்க ரெண்ட கறாரா பிரிச்சு வச்சிருக்காங்க. சரக்கு இன்னும் குடோன்லயும் கடையிலயும் இருக்கும்போது எடுத்துடறது ஒண்ணு, வாங்கினவன் வீட்டுக்குப் போனப்புறம் கூப்பிடறது இன்னொண்ணு. நம்ம ஆளுங்க ரெண்டுக்கும் ‘வாபஸ்’தான், வேட்புமனுவும் வாபஸ், 2000 ரூபா நோட்டும் வாபஸ், குக்கரும் வாபஸ். முதலாவதுக்கு ‘சந்தைவிலக்கல்’னு வச்சுக்கிட்டு ரெண்டாவதுக்கு மட்டும் ‘மீளழைப்பு’ன்னு வைக்கலாம்ங்கிறது என் கட்சி. அழைப்புன்னா ‘உன் வீட்டுல இருக்கிற பொருளப் பத்தி உன்னக் கூப்பிடறோம்’னு வந்துடுது, அப்புறம் ரிப்பேரா மாத்தித் தர்றதாங்கிறது தனிக் கேள்வி.

> ‘மீளழைப்பு’ ஏற்கனவே ப்ரோக்ராமிங்ல கால்பேக்குக்கு இருக்கே, போன்ல திருப்பிக் கூப்பிடறதுக்கும் ஆகும்

உண்மைதான். அதனால முன்னாடி ‘பாதுகாப்பு’ சேர்த்து ‘பாதுகாப்பு மீளழைப்பு’ன்னு வைப்போம். நீளம்னு சொல்லாதீங்க, ஐரோப்பிய ஒன்றியத்தோட புது விதி 2024 டிசம்பர் 13லேர்ந்து நடைமுறையில இருக்கு, அறிவிப்போட தலைப்புலயே பாதுகாப்புங்கிற வார்த்தை இருந்தாகணும்ங்குது. ‘தன்னார்வமாக’, ‘முன்னெச்சரிக்கையாக’ மாதிரி ஆபத்த சின்னதாக் காட்டுற சொல்லெல்லாம் போடக்கூடாதுன்னும் அதுலயே இருக்கு. நம்ம ஊரு அறிவிப்புகள்ல பாதி இந்த ரெண்டு வார்த்தையிலதான ஆரம்பிக்குது!

சரி, இதவிடப் பெரிய ஓட்டை ஆபத்துப் பேர்லதான். குழந்தைப் பொருள் செய்தி எதை எடுத்தாலும் ‘மூச்சுத்திணறல்’. மூணு வேற வேற சங்கதி இது. பொம்மையோட கண்ணு பிஞ்சு வந்து தொண்டையில அடைக்கிறது ஒண்ணு, அதுக்கு அமெரிக்காவுல ஒரு உருளையே வச்சிருக்காங்க, 1.25 அங்குல விட்டம், அடிப்பக்கம் சரிவா இருக்கும், மூணு வயசுக்குக் கீழ உள்ள புள்ளையோட தொண்டைக் கணக்கு, பாகம் அதுக்குள்ள முழுசா போயிட்டா அந்த வயசுக்கு விக்கக்கூடாது. அடுத்தது, முகம் மெத்தையில அமுங்கி காத்து கிடைக்காம போறது. மூணாவது ஜன்னல் திரைக் கயிறு கழுத்துல மாட்டி இறுகறது. தொண்டையடைப்பு, மூச்சுமுட்டல், கழுத்திறுக்கம்னு தனித்தனியா போட்டாத்தான் பெத்தவங்க எதப் பாக்கணும்னு தெரிஞ்சு பாப்பாங்க, ஒருத்தர் சின்ன பாகத்தத் தேடணும், இன்னொருத்தர் கயிற மேல தூக்கிக் கட்டணும். ரிஸ்க்குக்கு ‘இடர்’ இருக்கவே இருக்கு, அத இந்த ஆபத்துப் பேர்களோட குழப்ப வேண்டாம்.

ரெமடிக்கு, அதாவது ரீகால்ல வாங்கினவருக்குக் கம்பெனி என்ன செஞ்சு தருதுங்கிறதுக்கு, ‘பரிகாரம்’னு ஒருத்தர் போட்டிருந்தாரு, சட்டத் தமிழ்ல இருக்குங்கிறதும் சரிதான், ஆனா எனக்கு திருநள்ளாறுதான் ஞாபகம் வருது. ‘நிவாரணம்’னா வெள்ளம் வந்தாப்புல. ‘இழப்பீடு’ கண்டிப்பா கூடாது, அது காயம்பட்டவன் தனியா கேஸ் போட்டு வாங்கறது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல அதுக்குத் தனி அத்தியாயமே இருக்கு. சாதாரணமா ‘தீர்வு’ன்னு விட்டுட்டு அதுக்குக் கீழ பழுதுநீக்கம், மாற்றித்தரல், பணம் திருப்பல்னு எதுன்னு சொல்லிட்டாப் போதும்.

இத ஒரு நிஜ கேஸ்ல போட்டுப் பாத்தேன். 2022ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான்ல வித்த, தரக்கட்டுப்பாட்டு ஆணைக்கு ஒத்துவராத 2,265 பிரஷர் குக்கருக்கு உத்தரவு போட்டுச்சு, வாங்கினவங்க எல்லாருக்கும் தகவல் சொல்லணும், குக்கர வாங்கிக்கிட்டு பணத்தத் திருப்பணும், அதுபோக ஒரு லட்சம் அபராதம். நம்ம சொல்லுல எழுதினா:

‘பாதுகாப்பு மீளழைப்பு: பிரஷர் குக்கர். ஆபத்து: அழுத்தத்தில் வெடித்தல், வெந்நீர்க் காயம். உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். தீர்வு: பணம் திருப்பல்.’

படிக்க தடங்கலா இல்லேன்னுதான் எனக்குத் தோணுது. ‘சந்தைவிலக்கல்’தான் கொஞ்சம் உறுத்துது, யாரையோ ஊரவிட்டுத் தள்ளி வச்ச மாதிரி இருக்கு. கடைக்காரங்க ‘சரக்க எடுத்துட்டாங்க’ம்பாங்க, ‘சரக்கெடுப்பு’ன்னு வச்சா கொள்முதல்னு ஆயிடும். யாருக்காவது வேற தோணினா எழுதுங்க, மத்ததுக்கு ஆட்சேபம் இல்லேன்னா பட்டியல்ல ஏத்திடலாம்.